கடைசி நொடியில் வந்தவர் திருடரா?

("இணைய வணிகமும் நம் குடும்பங்களும்" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்கும் நாற்காலி என்னுடையது. இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்து விட்டார்கள். சொந்த வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தோட்ட அலுவலகத்திற்கு வரும் கடித உறைகளில் இருந்து அஞ்சல் தலைகளை நீராவி காட்டிப் பிரித்து, ஆல்பத்தில் ஒட்டி வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. பாயும் புலி படம் போட்ட பழைய மலாய் மாநில அஞ்சல் தலைகளும், ஜப்பானியர் காலத்தில் மேலே முத்திரை அச்சிட்டு வெளியிட்ட அஞ்சல் தலைகளும் அதில் இருந்தன. அவர் காலமான பிறகு அந்த ஆல்பம் மாமாவிடம் வந்தது. 2016-ஆம் ஆண்டு பாட்டியின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டபோது, ஆல்பத்தின் ஒரு பகுதியை இணைய ஏலத்தில் விற்க மாமா முடிவு செய்தார்.

தொடக்க விலை ஒரு வெள்ளி. "குறைவாக ஆரம்பித்தால்தான் கூட்டம் வரும்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏழு நாள் ஏலம். ஆறு நாள் முடிவில் விலை 85 வெள்ளியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இரவு, கடைசி ஒரு மணி நேரம், குடும்பமே கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மாமா 300 வெள்ளி வரும் என்று நம்பினார். கடைசி பத்து நிமிடம் ஒரு அசைவும் இல்லை. எட்டு நொடி இருக்கும்போது, அதுவரை எட்டிப் பார்க்காத ஒருவர் நுழைந்தார். விலை 142 வெள்ளி ஆனது. ஏலம் முடிந்தது என்று திரை சொல்லிவிட்டது.

மறுநாள், தோற்றுப் போனவரிடமிருந்து மாமாவுக்கு ஒரு செய்தி வந்தது. "ஐயா, எனக்கு இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் 200 வரை போயிருப்பேன்." அதைப் படித்த மாமாவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "கடைசி நொடியில் வந்தவன் திருடன் அம்மா! வியாபாரத்தையே நிறுத்தி விடுகிறேன்" என்றார்.

மாமா சொன்னதைத்தான் உலகம் முழுவதும் இணைய ஏலத்தில் விற்பவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கடைசி நொடியில் வந்து கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்னைப்பிங்' என்று பெயர். மறைந்திருந்து சுடுவது என்று பொருள். பெயரிலேயே கோபம் இருக்கிறது அல்லவா? அந்தக் கோபம் நியாயமானதுதானா, நியாயம் என்றால் யார் மீது காட்ட வேண்டும் என்பதே இன்று என் பேச்சு.

மௌனத்தில் முடியும் ஏலம், மணியில் முடியும் ஏலம்

நம்மவர்களுக்கு ஏலம் புதிதல்ல. திருவிழாக் காலத்தில் ஆலயத்தில் அம்மனுக்குச் சாத்திய சேலையையும், பூசையில் வைத்த எலுமிச்சம் பழத்தையும் ஏலம் விடுவதைப் பார்த்திருக்கிறோம். இந்த நாட்டில் 'லேலோங்' என்றால் தெரியாதவர் இல்லை. தமிழில் உள்ள ஏலம், மலாயில் உள்ள லேலோங் இரண்டுமே போர்த்துகீசிய மொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை என்று மொழி ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். சொல்லால் கூட இரண்டும் உடன்பிறப்புகள்.

ஆலய ஏலத்தில் என்ன நடக்கிறது? "நூற்றியொரு வெள்ளி, ஒரு தரம்... இரண்டு தரம்..." மூன்றாம் தரம் சொல்ல வாய் திறக்கும்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "நூற்றைம்பது!" உடனே ஏலம் விடுபவர் மறுபடியும் ஒரு தரத்திலிருந்து தொடங்குகிறார். கடைசி நொடியில் குரல் கொடுத்தவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. கைதட்டுகிறார்கள். ஏன்? மற்றவருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது. எல்லாரும் மௌனமானால்தான் அந்த ஏலம் முடியும்.

மாமா விற்ற ஏலம் அப்படிப்பட்டதல்ல. இரவு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. மணி அடித்ததும் கதவு அடைபடும். இன்னும் பேச ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

இதுவும் இணையம் கண்டுபிடித்த தந்திரமல்ல. பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஏலம் விடுவார்கள். சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் 1662-ஆம் ஆண்டு ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டும் சரியாகச் சுடர் அணையும் தறுவாயில் குரல் கொடுத்தாராம். எப்படி என்று விசாரித்தால், அணைவதற்குச் சற்று முன் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்கிறேன் என்றாராம். ஆக, இந்தக் கலைக்கு வயது முந்நூற்றைம்பதைத் தாண்டுகிறது. அன்று புகையைப் பார்த்தார்கள். இன்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நாம் தூங்கும்போதும் நமக்காகக் கடைசி நொடியில் கேட்டுக் கொடுக்க மென்பொருளே இருக்கிறது.

விற்பவரின் கணக்கு சரியா?

அடுத்து, மாமாவின் கணக்கைப் பார்ப்போம். 1995-ஆம் ஆண்டு பியர் ஒமிட்யார் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய இபே தளம்தான் இணைய ஏலத்தை உலகறியச் செய்தது. இபேயிலும் அதைப் பின்பற்றிய பல தளங்களிலும் ஒரு முறை உண்டு. நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்ச விலையைத் தளத்திடம் ரகசியமாகச் சொல்லி வைக்கலாம். தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளம் உங்களுக்காக விலையை ஏற்றிக் கேட்கும்.

உதாரணத்திற்கு, ஒருவர் உச்சமாக 120 வெள்ளி எழுதி வைக்கிறார். இன்னொருவர் 150 எழுதுகிறார். தளம் ஒவ்வொரு முறையும் 2 வெள்ளி ஏற்றுகிறது என்றால், விலை 122-இல் நிற்கும். கடைசி ஐந்து நொடியில் மூன்றாமவர் 200 என்று எழுதினால், விலை 152 ஆகும். பொருள் அவருக்கு. அவர் 200 கொடுக்கத் தயாராக இருந்தாரே, எனக்கு 152 தானே வந்தது என்று விற்பவர் வயிறு எரிவது இயற்கை. ஆனால் ஆலய ஏலத்திலும் இதுதான் நடக்கிறது. உங்கள் பொருளின் விலையை வென்றவர் தீர்மானிப்பதில்லை. அவருக்கு அடுத்தபடியாக நின்றவர்தான் தீர்மானிக்கிறார். இத்தகைய ஏலத்தின் கணக்கை 1961-ஆம் ஆண்டு கட்டுரையில் விளக்கிய வில்லியம் விக்ரி 1996-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் கணக்குப்படி, எல்லாரும் தங்கள் உண்மையான உச்ச விலையை முதலிலேயே எழுதிவிட்டால், யார் எந்த நொடியில் வந்தாலும் விலை மாறாது. 150 எழுதியவர் மனத்தில் 150 தான் உச்சம் என்றால், கடைசி நொடியில் வந்தவர் அவரிடமிருந்தும் விற்பவரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.

ஆனால் மனிதர்கள் அப்படியா நடந்து கொள்கிறோம்? இரவுச் சந்தையில் பழம் வாங்கப் போனால் மனத்தில் உள்ள விலையை முதலிலேயே சொல்கிறோமா? கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம், யாராவது மீறினால் ஏற்றிக் கொள்வோம் என்றுதான் நினைக்கிறோம். மாமாவின் ஏலத்தில் தோற்றவரும் அதைத்தான் செய்தார். 200 மனத்தில் இருந்தது. 140 தான் எழுதியிருந்தார். மீண்டும் எழுத நேரம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் விற்பவருக்கு உண்மையாகவே நட்டம் ஏற்படுகிறது. விற்பவர்களின் புகாரில் நியாயம் உள்ள பகுதி இதுதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆய்வு சொல்வது

ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ராத் பின்னர் 2012-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்தக் காலத்தில் அமேசானும் ஏலம் நடத்தி வந்தது. இபேயில் குறித்த நேரத்தில் ஏலம் முடியும். அமேசானில், முடியும் தறுவாயில் யாராவது கேட்டால், பத்து நிமிடம் யாரும் கேட்காமல் அமைதி நிலவும் வரை ஏலம் நீளும். நம் "ஒரு தரம், இரண்டு தரம்" முறைதான்.

அவர்கள் கண்டது என்ன? கடைசி நேரத்தில் கேட்பது இபேயில் மிக அதிகம், அமேசானில் குறைவு. இபேயில் அனுபவம் கூடக் கூட மக்கள் தாமதமாகக் கேட்டார்கள். அமேசானில் அப்படி இல்லை. பழம்பொருள் ஏலங்களில் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம் என்றும் கண்டார்கள். காரணம் புரிந்து கொள்ளக் கூடியதே. பொருளின் அருமை தெரிந்தவர் முதலிலேயே கேட்டால், "அவரே கேட்கிறார் என்றால் நல்ல பொருள்தான்" என்று மற்றவர்களும் பின்னால் வருவார்கள். அதனால் அவர் மௌனமாக இருந்து கடைசியில் வருகிறார்.

2005-இல், டான் ஏரியலி என்பவரும் சேர்ந்து நடத்திய ஆய்வுக்கூடச் சோதனையின் முடிவு வெளிவந்தது. நேரம் நீளும் முறையில் விற்பவருக்குக் கூடுதல் வருமானம் கிடைத்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். குறித்த நேரத்தில் கதவை அடைத்தால், ஏலத்திற்கும் பிந்து என்று மக்கள் கற்றுக் கொள்வார்கள்.

ஆகவே, கோபப்பட வேண்டுமானால் கடைசி நொடியில் வந்தவர் மீது கோபப்படக் கூடாது. அவர் கடிகாரத்திற்கு ஏற்றபடி நடந்து கொண்டார், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கடிகாரத்தை அங்கே மாட்டியது யார் என்பது. நியூசிலாந்தின் டிரேட் மீ தளத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் மேலும் இரண்டு நிமிடம் நீளும். ஜப்பானின் யாகூ ஏலத்தில் நேரம் நீள வேண்டுமா என்பதை விற்பவரே தேர்ந்தெடுக்கலாம். விதியை மாற்ற முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு வந்த சோதனை

நேயர்களே, இப்போது நான் சொல்ல வேண்டியது சற்றுச் சங்கடமானது.

முதல் ஏலம் முடிந்து இரண்டு வாரம் கழித்து மாமா என்னை அழைத்தார். "அம்மா, அடுத்த தொகுதியை ஏலத்தில் போடப் போகிறேன். நீ வேறு பெயரில் ஒரு கணக்கு திற. விலை படுத்துக் கிடந்தால் நீ கேட்டு ஏற்றி விடு. பாட்டியின் கண்ணுக்காகத்தானே கேட்கிறேன்."

என் மாமா ஒரு நாளும் பொய் சொல்லி ஒரு காசு சம்பாதித்தவர் அல்லர். கடைக்காரர் மீதிச் சில்லறை கூடுதலாகக் கொடுத்தால் திரும்பிப் போய்க் கொடுப்பவர். அவரே அப்படிக் கேட்டார் என்றால், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் ஒரு மனிதரை எங்கே கொண்டு போய் நிறுத்துகிறது, பாருங்கள். நானும் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. "யோசிக்கிறேன் மாமா" என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் நான் ஒரு பழைய கேமரா லென்ஸை இணைய ஏலத்தில் வாங்கியிருந்தேன். எப்படி வாங்கினேன் தெரியுமா? ஆறு நொடி இருக்கும்போது கேட்டு வாங்கினேன். மாமா திருடன் என்று திட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தி! ஏன் கடைசி வரை காத்திருந்தேன்? முன்கூட்டியே கேட்டால், விற்பவரே வேறு பெயரில் வந்து என்னை ஏற்றி விடுவாரோ என்ற பயம். இங்கே ஒரு சக்கரம் சுற்றுகிறது, கவனித்தீர்களா? கள்ளப் பெயரில் ஏற்றிவிடும் விற்பனையாளருக்குப் பயந்து வாங்குபவர் கடைசி நொடிக்குப் போகிறார். கடைசி நொடியில் வருபவர் மீது கோபப்பட்டு விற்பவர் கள்ளப் பெயரைத் தேடுகிறார்.

சொந்தப் பொருளை ஆள் வைத்துக் கேட்பது தளத்தின் விதிமீறல் மட்டுமல்ல. நம் தீபகற்பத்தில் நடைமுறையில் உள்ள 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், விற்பவர் முன்கூட்டி அறிவிக்காமல் தாமோ தம் ஆளோ ஏலம் கேட்டால், வாங்கியவர் அதை மோசடி விற்பனையாகக் கருதலாம் என்கிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு மே மாதம், பிரபல ஓவியர் ஒருவருடையது என்று எண்ண வைத்த ஓர் ஓவியம் இபேயில் 135,805 டாலர் வரை ஏலம் போனது. விற்றவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரிந்து விற்பனை ரத்தானது. அவரும் கூட்டாளிகளும் பல போலிப் பெயர்களில் ஒருவர் பொருளை மற்றவர் ஏற்றிவிட்டு வந்தது அம்பலமாகி, 2001-இல் குற்றம் சாட்டப்பட்டனர்.

காலையில் மாமாவை அழைத்து, லென்ஸ் கதையை முதலில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் அந்த மனிதரும் உன்னைப் போல ஒரு பிள்ளையாகத்தான் இருந்திருக்கும்" என்றார். கணக்கு திறக்கும் பேச்சு அதோடு நின்றது.

வெள்ளம் வருமுன்

அப்படியானால் விற்பவர் என்னதான் செய்வது? மாமாவும் நானும் உட்கார்ந்து யோசித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, தொடக்க விலை. ஒரு வெள்ளியில் ஆரம்பித்தால் ஒரு வெள்ளிக்கும் கொடுக்க மனம் வேண்டும். இந்த விலைக்குப் போனாலும் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொல்லக் கூடிய விலை எதுவோ, அதையே தொடக்க விலையாகப் போடுங்கள். தளம் அனுமதித்தால், இந்த விலைக்குக் கீழ் விற்க மாட்டேன் என்ற ஒதுக்கு விலையும் வைக்கலாம். அது வெளிப்படையானது, அதில் ஏமாற்று இல்லை.

இரண்டாவது, ஏலமே வேண்டுமா என்று யோசியுங்கள். சந்தை விலை தெரிந்த பொருளுக்கு நிலையான விலை போதும். இபேயே 2000-ஆம் ஆண்டில் உடனடியாக வாங்கும் வசதியைக் கொண்டு வந்தது. இன்று இணைய வணிகத்தின் பெரும்பகுதி நிலையான விலையில்தான் நடக்கிறது. விலை இன்னதென்று நமக்கே தெரியாத அரிய பொருளுக்குத்தான் ஏலம்.

மூன்றாவது, நேரம் நீளும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டில் மீன், செடி, பழம்பொருள் ஆர்வலர்கள் சமூக ஊடகக் குழுக்களில் சொந்தமாக ஏலம் நடத்துகிறார்கள். நேரலையில் சேலை விற்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். விதியை எழுதுவது நீங்கள்தானே? "கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் மேலும் ஐந்து நிமிடம்" என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள். சண்டை பாதி குறையும்.

நான்காவது, வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனத்தில் உள்ள உண்மையான உச்ச விலையை எழுதி விடுங்கள். அதற்குப் பிறகு யார் வென்றாலும், "எனக்கு அந்த விலைக்கு வேண்டாம்" என்று நிம்மதியாகப் போகலாம். 200 மனத்தில் இருந்து 140 எழுதியவர், கடைசி நொடியில் வந்தவரிடம் தோற்கவில்லை. தம்மிடமே தோற்றார்.

மாமா இரண்டாவது தொகுதியை 150 வெள்ளியில் தொடங்கினார். ஓரம் கிழிந்திருந்த இரண்டு தலைகளையும் மறைக்காமல் முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டார். ஐந்து நாள் யாரும் கேட்கவில்லை. மாமி, "உங்கள் நேர்மையைக் காட்சிக்கு வைத்துக் கொள்ளுங்கள்" என்று கேலி செய்தார். ஆறாம் நாள் ஒருவர் வந்தார். கடைசி நிமிடத்தில் இன்னொருவர் வந்தார். 186 வெள்ளியில் முடிந்தது. கனவு கண்ட 300 வரவில்லை. ஆனால் இந்த முறை மாமா கணினி முன் உட்காரவே இல்லை. பாட்டியோடு தொலைக்காட்சி பார்த்துக் கொண்டிருந்தார்.

மீதிப் பணத்தைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போட்டோம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் பாட்டி ஆல்பத்தைக் கேட்டார். காலியான பக்கங்களைப் புரட்டி, "தாத்தா கேட்டால் என்ன சொல்வாய்?" என்றார் மாமாவிடம். மாமா சொன்னார்: "வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள் அம்மா. இவ்வளவு ஆசைப்பட்டுக் கடைசி நொடி வரை காத்திருந்து வாங்கியவர்கள் அல்லவா?"

நேயர்களே, கடைசி நொடியில் வருபவர் நம் எதிரி அல்லர். நம் பொருளை அவ்வளவு நேரம் கவனித்துக் கொண்டிருந்தவர். அவருக்கும் நமக்கும் நடுவில் நிற்பது ஒரு விதி. அதைப் படித்துவிட்டுக் கடை திறப்போம், முடிந்த இடத்தில் திருத்திக் கொள்வோம்.